சன்னலின் வெண்மையும் அடுக்களையின் இருளும்: பல எக்ஸ்போஷர்களை ஒன்றாக்கும் முறையின் வரலாறு

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப்பாதை தமிழ்நாட்டைக் கடந்ததும் தொடும் ஊர் மீனாட்சிபுரம். நிர்வாகத்தில் அது கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம். பேச்சில் பெரிதும் தமிழ். அதற்குக் கிழக்கே கொங்குநாட்டுத் தொட்டிக்கட்டு வீடுகளும், மேற்கே கொல்லங்கோடு முதல் கல்பாத்தி வரை தமிழ் அக்கிரகாரங்களும் பரவியுள்ளன. சாதியாலும் தொழிலாலும் வேறுபட்ட இவ்விரு வீட்டு மரபுகளுக்கும் ஒளியைப் பொறுத்தவரை ஓர் ஒற்றுமை உண்டு. வெளிச்சம் நடுவே திறந்த முற்றத்தின் வழியாகவும் முன்வாசல், பின்வாசல்களின் வழியாகவுமே பெருமளவில் உள்ளே வருகிறது. அக்கிரகாரத்தில் இது கட்டடத்தின் கட்டாயம். அடுத்தடுத்த இரு வீடுகள் பக்கச் சுவரைப் பகிர்ந்துகொள்வதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க இடமில்லை. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என நீளும் வீட்டில் ஒளி முன்னும் பின்னும் நடுவும் நிறைந்து, இடையில் மெலிந்து கிடக்கும்.

இத்தகைய வீட்டைப் படம்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை 1980களின் இறுதியிலும் 1990களிலும் எடுக்கப்பட்ட கல்யாண வீடியோக்களை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தாலே அறியலாம். கூடத்தில் அமர்ந்திருக்கும் பெண்களைக் காட்டிக்கொண்டிருந்த கேமரா வாசலை நோக்கித் திரும்பும். அந்தக் கணமே எல்லா முகங்களும் கறுத்துவிடும். ஓரிரு நொடிகள் கழித்துக் கேமரா மீண்டும் உள்ளே திரும்ப, முகங்கள் மெல்லத் தெளியும். இப்போது வாசல் வெறும் வெள்ளைச் செவ்வகமாகிவிடும். அதன் வழியே நுழையும் மாப்பிள்ளை ஒரு கணம் உருவமற்ற நிழலாகத் தோன்றி, பிறகே ஆளாகிறார். இதை வீடியோக்காரரின் திறமைக்குறைவாகக் கருதுவது தவறு. கேமராவின் தானியங்கி அமைப்பு தன் கண்ணுக்குக் கிடைத்த சராசரி வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கியும் விரித்தும் கொண்டது. அதற்கு வேறு வழியில்லை.

கணக்கு எளியது. நண்பகல் வெயிலின் ஒளியளவு ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். முற்றத்திலிருந்து விலகிய உள்ளறையில் அது ஐம்பது லக்ஸாகக் குறையக்கூடும். இரண்டுக்கும் இடையே இரண்டாயிரம் மடங்கு வேறுபாடு. ஒளிப்பதிவாளர்கள் ஒவ்வொரு இரட்டிப்பையும் ஒரு ‘ஸ்டாப்’ என்று எண்ணுவார்கள். அந்த அளவையில் இது 11 ஸ்டாப். அக்கால வீடியோ கேமராக்கள் ஏந்திய வீச்சு ஏறத்தாழ அதில் பாதிதான். எனவே வெளியைக் காட்டினால் உள்ளே இருட்டு; உள்ளைக் காட்டினால் வெளியே வெண்மை.

மனிதக் கண்ணுக்கு இச்சிக்கல் இல்லை என்று சொல்வது பாதி உண்மை. வெயிலிலிருந்து ரேழிக்குள் நுழைபவருக்கு முதலில் எதுவும் தெரிவதில்லை. சற்று நேரம் நின்றால்தான் தூணும் ஊஞ்சலும் புலப்படும். முழு இருளுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். பழகிய பிறகும் கண் முழு அறையையும் ஒரே வீச்சில் பார்ப்பதில்லை. சன்னலைப் பார்க்கும்போது அது ஒருவகையாகவும், மூலையைப் பார்க்கும்போது வேறுவகையாகவும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அந்தச் சிறு சிறு பார்வைகளை ஒட்டி ‘இதுதான் கூடம்’ என்று ஒரே படமாக நினைவில் வைப்பது மூளையின் வேலை. ஆகவே, வெவ்வேறு எக்ஸ்போஷர்களை ஒன்றாக இணைத்தல் என்பது கணினி கண்டுபிடித்த புதுமையன்று. கண் காலத்தில் பரப்பிச் செய்வதை, கருவி ஒரே சட்டகத்துக்குள் செய்ய முயல்கிறது. அந்த முயற்சிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கப் பக்கங்களில் ஒன்று மதுரையிலும் தஞ்சையிலும் எழுதப்பட்டது.

லின்னேயஸ் டிரைப், கம்பெனிப் படையின் அதிகாரி. 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவில் ஒளிப்படக்காரராகப் பணியாற்றியவர். அடுத்த ஆண்டில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857இன் இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு ராயக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என 1858இல் அவர் மேற்கொண்ட பயணம் தமிழகக் கட்டடங்களுக்குக் கிடைத்த முதல் விரிவான ஒளிப்படத் தொகுப்புகளைத் தந்தது. மதுரையில் அவர் எடுத்த படங்களுள் ஒன்று புதுமண்டபத்தின் தென்புறத் தாழ்வாரத்தை மேற்குமுகப்பிலிருந்து காட்டுவது. திருமலை நாயக்கர் கட்டிய அம்மண்டபத்தில் தூண்வரிசைக்கு ஒருபுறம் ஒளி, மறுபுறம் ஆழ்ந்த நிழல். கல்யாண வீடியோக்காரர் ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்குப் பின் கூடத்தில் சந்தித்த அதே சிக்கலை டிரைப் இங்கே கல்லில் சந்தித்தார்.

அன்றைய ஒளிப்பட வேதிப்பொருள்கள் நீல ஒளிக்கு மட்டுமே கூர்மையாக வினையாற்றின. அதனால் வானம் எப்போதும் மிகையாகப் பதிந்து, அச்சில் மேகமற்ற வெறும் வெண்தாளாக வந்தது. டிரைப் அதற்குக் கண்ட தீர்வு தூரிகை. எதிர்ப்படிவத்தாளின் மீதே வண்ணம் தீட்டி மேகங்களை உருவாக்கினார். மங்கிப்போன இலைத்தொகுதிகளுக்கும் இவ்வாறே உயிரூட்டினார். அவருடைய படங்களில் மேகம் தெரிந்தால் அது அந்நாளின் மேகமன்று என்பதை ஆய்வாளர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

அதே பயணத்தில், அதே கருவியால் அவர் முற்றிலும் வேறான ஒன்றையும் செய்தார். தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 அச்சுகளை வரிசையாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். சென்னை அரசு ஹுல்ஷைக் கல்வெட்டறிஞராக நியமித்தது 1886இல்தான் என்பதைக் கருதினால், இது எவ்வளவு முந்திய முயற்சி என்பது விளங்கும். இரண்டும் இணைப்பு வேலைகளே. ஆனால் ஒன்றில் இணைப்பு மறைகிறது, மற்றதில் தெரிகிறது. 21 தாள்களின் ஒட்டுவாய்களைக் கண் எண்ணிவிடலாம். வானத்து மேகத்தில் எது கை, எது கேமரா என்று பிரிக்கத் தனிப்பயிற்சி வேண்டும். ஒரே மனிதர் ஒரே ஆண்டில் விட்டுச்சென்ற இந்த இருவகை இணைப்பு, பின்வந்த வரலாறு முழுவதையும் வாசிக்கப் பயன்படும் அளவுகோலாக இருக்கிறது.

ஐரோப்பாவிலும் அதே ஆண்டுகளில் இதே கொதிப்பு. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1856, 57இல் கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களைத் தொடுவானத்தில் சேர்த்து அச்சிட்டார். இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களால் ஒரு பெருங்காட்சியைக் கட்டினார். 1858இல் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களை இணைத்து, மரணப்படுக்கையில் கிடக்கும் ஓர் இளம்பெண்ணின் அறையைக் காட்டினார். அப்படத்தின் பின்புலத்தில் ஒரு பெரிய சன்னல். அதன்வழியே மேகம் படர்ந்த வானம். அதை நோக்கி, பார்வையாளருக்கு முதுகு காட்டியபடி ஓர் ஆண். டிரைப் தஞ்சையில் அச்சுகளை ஒட்டிய அதே ஆண்டில், ஒளிமிக்க சன்னலும் நிழலான உள்ளறையும் ஒரே தாளில் இணைந்துவிட்டன. படத்தைப் பார்த்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். ஓவியம் சாவைக் காட்டலாம், ஒளிப்படம் காட்டினால் அது நடந்ததாகிவிடுகிறதே என்பதே அந்தச் சங்கடத்தின் உள்ளடக்கம். அந்த அறை எங்கும் இருந்ததில்லை என்று தெரிந்தபோது சங்கடம் இன்னும் கூடியது.

அச்சறையில் அல்லாமல் எடுக்கும் இடத்திலேயே இணைக்கும் வழியையும் கட்டடங்களைப் படமெடுத்தவர்கள் விரைவில் கைக்கொண்டனர். கேமராவை அசையாமல் நிறுத்தி, சன்னலைத் துணியால் மூடி, அறைக்குத் தேவையான நெடுநேரம் தகட்டைத் திறந்துவைப்பது. பிறகு துணியை அகற்றி, சன்னலுக்கு மட்டும் சிறிதுநேரம் மீண்டும் திறப்பது. ஒரே தகட்டில் இரண்டு காலங்கள். கண்ணாடித் தகட்டின் பின்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளி சன்னலைச் சுற்றிப் பரப்பும் வெண்வளையத்தையும் இது பெரிதும் குறைத்தது. இம்முறைக்கு ஒரே நிபந்தனை: அறையில் எதுவும் அசையக்கூடாது. அசைந்தவர் படத்தில் இருக்கமாட்டார். அக்காலத்து உள்ளறைப் படங்களில் ஆளில்லாத நாற்காலிகளும் வெறும் தாழ்வாரங்களும் மிகுந்திருப்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று.

அசையும் படத்தில் இந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்றுவது? தமிழ்த் திரையுலகம் இதற்கு வெகுகாலம் முன்பே விடை கண்டிருந்தது, ஆனால் ஒளிக்காக அல்ல, ஆளுக்காக. 1940இல் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்தில் தயாரித்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். தமிழில் முதல் இரட்டை வேடப்படம் என்று அது பேசப்படுகிறது. அன்று இவ்வகைக் காட்சிகளுக்குக் கைகொடுத்த முறை பிலிமை இருமுறை ஒளிபட வைப்பது. கேமராவை ஆணியடித்தாற்போல் நிறுத்தி, லென்சின் ஒருபாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, ஒருமுறை நடிக்க வைத்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து இரண்டாம் முறை எடுப்பார்கள். நடிகர் நடுக்கோட்டைத் தாண்டினால் கை துண்டாகித் தெரியும். இருபாதிகளின் ஒளியும் சற்று மாறினால் நடுவே கோடு விழும். 1958இல் அதே பெயரில் சிவாஜி கணேசனும், ‘நாடோடி மன்னன்’ படத்தில் எம்.ஜி.ஆரும் இருவராக வந்தபோது தமிழ் ரசிகர்கள் அந்தக் கோட்டைத் திரையில் தேடப் பழகியிருந்தார்கள் என்றே கருதலாம். இன்று சன்னலுள்ள அறையின் வீடியோவை இரு எக்ஸ்போஷர்களில் எடுத்து இணைப்பவர் செய்வது இதே வேலைதான். அசையாத கேமரா, மாஸ்க், தாண்டக்கூடாத எல்லை. அங்கே ஒரு முகம் இரண்டு உடலாகிறது. இங்கே ஓர் அறை இரண்டு வெளிச்சத்திலிருந்து ஒன்றாகிறது. திரைப்பட வரலாற்றில் இரட்டை வேடம் கதைமாந்தர் பற்றிய இயலாகவே எழுதப்பட்டு வருகிறது. எக்ஸ்போஷர் பற்றிய இயலிலும் அதற்கு இடமுண்டு.

ஆனால் ஒளிக்காக ஒளிப்பதிவாளர்கள் பொதுவாக இணைப்பை நாடவில்லை. அறையையே மாற்றினார்கள். சன்னல் கண்ணாடியில் மங்கலான தாளை ஒட்டி வெளியைக் குறைப்பது, உள்ளே விளக்கு வைத்து அறையை உயர்த்துவது என இரு வழிகள். 1956இல் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வில் சுப்ரதா மித்ரா செய்தது இவ்வகையில் தனித்து நிற்கிறது. காசியின் முற்றமுள்ள வீடு ஒன்று கல்கத்தா ஸ்டுடியோவில் செட்டாக எழுப்பப்பட்டது. முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்து, விளக்குகளைத் துணியின் மீது பாய்ச்சி, அங்கிருந்து சிதறி இறங்கும் ஒளியால் வீட்டை நிரப்பினார். முற்றம் இயல்பாகச் செய்வதைத் துணி செய்தது. காசி வீட்டின் ஒளிக்கும் கல்பாத்தி வீட்டின் ஒளிக்கும் உள்ள உறவைக் கட்டடக்கலை நூல்களைவிட இந்தத் துணி எளிதாக உணர்த்துகிறது.

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் பயின்று, 1974இல் வயநாட்டுப் பின்னணி கொண்ட ‘நெல்லு’ மலையாளப் படத்தில் ஒளிப்பதிவாளராக அறிமுகமான பாலு மகேந்திரா வேறு வழியைத் தேர்ந்தார். சன்னல் எவ்வளவு தருகிறதோ அவ்வளவே போதும் என்றார் எனலாம். முகத்தின் ஒருபுறம் இருளுக்குள் போனால் போகட்டும். ‘மூன்றாம் பிறை’யிலும், ஒரு வீட்டைக் கட்டிமுடிக்க முடியாத பெண்ணின் கதையான ‘வீடு’ படத்திலும் அறைக்குள் ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பார்வையாளர் எப்போதும் அறிவார். பி. சி. ஸ்ரீராம் ‘மௌன ராகம்’, ‘நாயகன்’ படங்களில் சன்னலை வெளுக்கவிட்டு, உள்ளே நிற்பவரை நிழலுருவாக்கினார். பரதன் இயக்கத்தில் பொள்ளாச்சி வட்டாரத்தில் எடுக்கப்பட்ட ‘தேவர் மக’னில் அந்தப் பெரிய வீட்டின் உட்கட்டுகள் இருண்டே கிடக்கின்றன. தொழில்நுட்பம் தந்த குறையை இவர்கள் பொருளாக மாற்றினார்கள். இந்த வீடுகளில் எல்லோரும் ஒரே வெளிச்சத்தில் வாழ்ந்ததில்லை என்பதை அவை சொல்லிவிடுகின்றன.

இணைப்பு வேறொரு துறையிலிருந்து திரும்பி வந்தது. அமெரிக்காவில் சார்லஸ் வைக்காஃப் அணுகுண்டு வெடிப்புகளைப் படமெடுக்க, வெவ்வேறு ஒளியுணர்வு கொண்ட மூன்று அடுக்குகளை ஒரே பிலிமில் வைத்தார். வெடிப்பின் நடுவையும் அதைச் சுற்றிய இருளையும் ஒருசேரப் பதிய வேறு வழியில்லை. 1990களில் ஸ்டீவ் மான் ஒரே காட்சியின் பல எக்ஸ்போஷர்களைக் கணினியில் சேர்க்கும் கணிதத்தை எழுதினார். 1995இல் ரோசலிண்ட் பிக்கார்டுடன் இணைந்து அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோளாகிறது. 1997இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பால் டெபெவெக்கும், கான்பூர் ஐஐடியில் பயின்ற ஜிதேந்திர மாலிக்கும் இதை முழுமையாக்கினர். அவர்கள் எடுத்துக்காட்டாகத் தேர்ந்தது வண்ணக்கண்ணாடிச் சன்னல்கள் ஒளிரும், உள்ளே இருண்ட ஸ்டான்ஃபோர்டு நினைவுத் தேவாலயம். 30 நொடியிலிருந்து ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை, ஒவ்வொரு ஸ்டாப்பாகக் குறைத்து எடுத்த 16 படங்கள். அவற்றிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் உண்மையான ஒளியளவையும் கணித்தார்கள். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் முப்பதாயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு. ராபின்சனின் சன்னலும் டிரைப்பின் தாழ்வாரமும் இங்கே எண்களாகின.

தேவாலயம் அசையவில்லை, அதனால் முடிந்தது. அசைவோடு செய்வதற்கு 2003இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் காங், உய்ட்டன்டேல், விண்டர், செலிஸ்கி ஆகியோர் ஒரு வழி காட்டினர். வீடியோவின் சட்டகங்களை ஒன்றுவிட்டு ஒன்று குறைந்த, மிகுந்த எக்ஸ்போஷர்களில் எடுத்து, இடைப்பட்ட அசைவைக் கணித்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவது. கேட்க எளிது. நொடிக்கு 25 சட்டகம் ஓடும் வீடியோவில், சாதாரணமாக நடப்பவர் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். அப்பளம் இடும் கை அதைவிட வேகமாக நகரும். கணிப்பு தவறினால் கையைச் சுற்றி இரண்டாம் கை ஒன்று ஆவிபோல் தோன்றும். பிலிமின் நடுக்கோட்டைத் தாண்டித் துண்டான அந்த நடிகரின் கை வேறுருவில் திரும்பி வந்திருக்கிறது.

2007இல் மெர்டென்ஸ், கவுட்ஸ், வான் ரீத் ஆகியோர் முன்வைத்த ‘எக்ஸ்போஷர் ஃபியூஷன்’ முறை இன்னும் எளிமையானது. உண்மை ஒளியளவைக் கணிக்கும் முயற்சியைக் கைவிட்டு, ஒவ்வொரு படத்திலும் எந்தப் பகுதி தெளிவாகவும் நிறச்செறிவோடும் அளவான வெளிச்சத்தோடும் இருக்கிறதோ அதற்கு அதிக மதிப்புத் தந்து கலந்துவிடுவது. கலப்பு பட்டையாகத் தெரியாதிருக்க, பர்ட்டும் அடெல்சனும் 1983இல் உருவாக்கிய, படத்தைப் பெரியதும் சிறியதுமான பல அடுக்குகளாகப் பிரித்து ஒட்டும் உத்தியை அவர்கள் பயன்படுத்தினர். கைபேசியில் இன்று ‘எச்.டி.ஆர்.’ என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இதன் உறவினரே. இங்கே ஒரு திருப்பம் கவனிக்கத்தக்கது. டெபெவெக், மாலிக் இருவரின் நோக்கம் அளப்பது; மெர்டென்ஸ் குழுவின் நோக்கம் பார்க்க நன்றாக இருப்பது. அறிவியல் கட்டுரைகளுக்குள்ளும் தஞ்சைக் கல்வெட்டும் மதுரை மேகமும் பிரிந்தே நிற்கின்றன.

கேமராத் தயாரிப்பாளர்கள் காலவேறுபாட்டையே ஒழிக்க முனைந்தார்கள். 2010இல் வந்த ஆரி அலெக்சா கேமராவில் ஒவ்வொரு ஒளியுணர் புள்ளியும் ஒரே நேரத்தில் இருவேறு பெருக்கங்களில் வாசிக்கப்பட்டு இணைகிறது. இரண்டும் ஒரே கணத்தின் ஒளி. 14 ஸ்டாப் வீச்சு என்பது அந்நிறுவனத்தின் அறிவிப்பு. ரெட் நிறுவனத்தின் எச்டிஆர்எக்ஸ் முறை, ஒவ்வொரு சட்டகத்துக்கும் இயல்பான எக்ஸ்போஷர் ஒன்று, மிகக் குறுகியது ஒன்று என இரு பதிவுகளைத் தந்தது. அவற்றில் அசைவின் மங்கல் வேறுவேறாக இருக்கும் என்பதே அதன் சிக்கல்.

இக்கேமராக்கள் கிடைக்காத ஆய்வு மாணவர்கள் கல்பாத்தியிலோ கொல்லங்கோட்டிலோ ஒரு வீட்டைப் பதிவுசெய்யும்போது பழைய முறைக்கே திரும்ப வேண்டியுள்ளது: முக்காலியில் கேமராவைப் பூட்டி, கூடத்துக்கு ஒருமுறை, முற்றத்துக்கு ஒருமுறை எடுத்து, பின்னர் இணைப்பது. இதில் சில நுட்பங்களைக் கவனிக்காவிட்டால் வேலை வீணாகும். அப்பர்ச்சரைச் சுருக்கி வெளிச்சத்தைக் குறைத்தால் இரு பதிவுகளிலும் எது தெளிவு, எது மங்கல் என்பது மாறிவிடும்; ஓரங்கள் பொருந்தா. ஷட்டரை விரைவுபடுத்தினால் வேறு வினை. இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் பழைய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு ஷட்டருக்கு இது தெரியாது. ஐந்நூறில் ஒரு பங்கில் விளக்கெரியும் அறை துடிக்கத் தொடங்கும். லென்சின் முன் கறுப்புக்கண்ணாடி வடிகட்டியை வைத்து மற்றவற்றை மாற்றாமல் விடுவதே பெரும்பாலும் நல்லது. இரண்டு பதிவுகளுக்கும் இடையில் வெயில் நகராதபடி விரைந்து முடிக்கவும் வேண்டும். முற்றத்தில் நிழல்விளிம்பு சில நிமிடங்களிலேயே இடம்மாறும். மின்விசிறியை நிறுத்திவிடலாம். முற்றத்து மாடத்திலிருந்து பறக்கும் புறாவுக்கு யாரும் உத்தரவிட முடியாது.

இவையெல்லாம் சரியாக அமைந்து, இணைப்பு தடயமின்றி முடிந்த பிறகே உண்மையான கேள்வி எழுகிறது. இப்போது திரையில் ரேழியும் கூடமும் அடுக்களையும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் ஒளிர்கின்றன. புகைபடிந்த சுவரின் ஒவ்வொரு விரிசலும் தெரிகிறது. அடுப்பின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் முகமும் தெரிகிறது. பழைய வீடியோவில் அவர் முகமே இல்லாதிருந்தார். அந்த முகம் கிடைத்ததை இழப்பு என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் அவர் எந்த இருளில் அமர்ந்திருந்தார் என்ற செய்தி அந்தப் படத்தில் இல்லை.

அந்த இருள் தற்செயலானது அன்று. ஆண்கள் அமர்ந்து பேசிய திண்ணை தெருவெளிச்சத்தில் இருந்தது. விருந்தினரும் சடங்கும் கூடத்துக்கு வந்தனர். அது முற்றத்து ஒளியைப் பெற்றது. நாளின் பெரும்பகுதியைப் பெண்கள் கழித்த அடுக்களை பின்னே தள்ளப்பட்டு, சிறு திறப்பும் விறகுப்புகையும் கொண்டதாக இருந்தது. மாதவிலக்கு நாட்களுக்கும் கைம்மைக்கும் ஒதுக்கப்பட்ட இடங்கள் அதனினும் பின்னே. யார் எவ்வளவு வெளிச்சத்தில் இருக்கலாம் என்பதை வீட்டின் அமைப்பே பங்கிட்டு வைத்திருந்தது. மங்களூர் ஓடு பரவிய பிறகு கூரையின் நடுவே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுகள் செருகப்பட்டு, அடுக்களைத் தரையில் வெயில்வட்டம் விழத் தொடங்கியது. அந்தச் சிறு மாற்றத்தை ஒரு சமூக வரலாற்றுச் செய்தியாகவே கொள்ளலாம். ஆனால் எல்லா அறைகளையும் சமமாக ஒளிரவைக்கும் வீடியோவில் கண்ணாடி ஓடு எதற்கு வைக்கப்பட்டது என்பதே புரியாது. அறையில் ஏற்கெனவே வேண்டிய வெளிச்சம் இருக்கிறதே!

இருளை அப்படியே விட்டுவிடுவதே நேர்மை என்றும் சொல்ல முடியாது. பாலு மகேந்திராவின் இருள் ஒரு கலைஞரின் தேர்வு. வீடியோ கேமராவின் இருள் கருவியின் இயலாமை. அது அந்த வீட்டில் பழகிய கண் கண்டதைவிட மிகக் கறுப்பானது. அடுக்களையில் இருந்தவருக்கு அடுக்களை தெரிந்தது. கண் பழகியபின் அவர் புளியையும் மிளகையும் பிரித்தறிந்தார், எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பைப் படித்தார். கறுத்துப்போன பதிவு தெருவிலிருந்து அப்போதுதான் நுழைந்தவரின் பார்வையை மட்டும் நிலைநிறுத்துகிறது. இணைத்த பதிவோ உள்ளேயே இருந்தவரின் பார்வைக்குச் சற்று நெருங்குகிறது, அவர் சன்னலைப் பார்த்தபோது கண் கூசியதை மறைத்துவிட்டு. இரண்டும் அரைகுறைச் சாட்சிகளே. கணினித்துறையில் இவ்வழிமுறைகள் பெரும்பாலும் ‘கண்ணுக்கு எது இனிது’ என்ற அளவுகோலால் மதிப்பிடப்படுவது, வரலாற்றுத்துறைக்குப் பெரிய உதவியாக இல்லை.

பாலக்காட்டு அக்கிரகாரங்களிலும் கொங்குநாட்டு ஊர்களிலும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டும் திருத்திக் கட்டப்பட்டும் வரும் இக்காலத்தில், பலவற்றுக்கு ஒரு வீடியோவே எஞ்சும் ஆவணம். அந்நிலையில் கோப்பாக எது பாதுகாக்கப்படுகிறது என்பது சிறிய செய்தியன்று. வழக்கமாக இணைத்து முடித்த படமே வைக்கப்படுகிறது. மூலப்பதிவுகள் இடநெருக்கடியால் அழிக்கப்படுகின்றன. கூடத்துக்கான பதிவு, முற்றத்துக்கான பதிவு, ஒவ்வொன்றின் ஷட்டர் அளவு, எடுத்த நாள், மணி, வீடு நோக்கிய திசை ஆகியவை உடன் இருந்தால், அந்த அறையின் ஒளி என்னவாக இருந்தது என்பதைப் பின்வரும் ஒருவர் டெபெவெக், மாலிக் வழியில் திரும்பக் கணித்துவிட முடியும்.

அவற்றோடு இணைப்பவர் வரைந்த மாஸ்க் கோப்பையும் சேர்த்து வைப்பது நல்லது. எந்தப் புள்ளி எந்த எக்ஸ்போஷரிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம் அது. வேலை முடிந்ததும் தூக்கியெறியப்படும் கழிவாகவே அது கருதப்படுகிறது. ஆனால் அதைத் தனியே திறந்து பார்த்தால் வாசலும் முற்றமும் வெள்ளையாகவும், ரேழியின் பாதி சாம்பலாகவும், அடுக்களை முழுக் கறுப்பாகவும் இருக்கும். கண்ணாடி ஓடு உள்ள இடத்தில், தரையில், ஒரு சிறு வெள்ளைவட்டம்.